யாரையும் தொடாத படம்

வந்திருந்தவர்கள்: சிவகாமசுந்தரி, வயது நாற்பத்தெட்டு, மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியை. ரஹ்மத்துல்லா, முப்பத்தொன்பது, பேட்டரிக் கடை வைத்திருப்பவர். பூமிநாதன், முப்பத்தொன்று, தண்ணீர் லாரி ஓட்டுநர். ஜெபராணி, நாற்பத்துநான்கு, நகராட்சி மருத்துவமனைச் செவிலியர். அமர்வின் நடத்துநர் அங்கயற்கண்ணி. வேறு யாரும் இல்லை.

இதை, பேச்சைப் பதிவு செய்யும் பதிவியின் முன்னால் குனிந்து ஒப்பித்து முடித்ததும் அதில் பச்சை விளக்கு எரிந்தது. அங்கயற்கண்ணி நிமிர்ந்து நால்வரையும் பார்த்து வழக்கமான சிரிப்பைச் சிரித்தாள். பல வருடங்களாகத் திரைப்படத் தணிக்கை மன்றத்தில் வாரத்துக்கு இரண்டு அமர்வு. படம் பார்க்க வரும் ஆட்கள் மாறுவார்கள். தட்டில் இருக்கும் பட்டாணிச் சுண்டல் மட்டும் மாறாது.

"எல்லாரும் இடது கையக் கொஞ்சம் காட்டிருங்க," என்றாள்.

தலைமையாசிரியை ரவிக்கைக் கையை ஒரு விரலளவு ஏற்றினார். ரஹ்மத்துல்லா சட்டையைத் தோள்வரை சுருட்டினார். பூமிநாதன் பனியன் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்ததால் அவனுக்கு வேலையே இல்லை. ஜெபராணி சீருடைக் கையை ஏற்றி, தன் தழும்பைக் காட்டிவிட்டு, மற்ற மூவரின் தழும்பையும் எட்டிப் பார்த்தாள். தொழில் பழக்கம். நான்கு கைகளிலும் ஒரே இடத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

"எனக்கு வெச்ச அன்னைக்கு எங்க மாமு நாலு தெருவுக்கு பிளெக்ஸ் கட்டிட்டாரு மேடம்," என்றார் ரஹ்மத்துல்லா. "நான் குதிரை மேல உட்கார்ந்திருக்கேன். பயத்துல டவுசரோட போயிட்டேன். தெருவே பாத்துச்சு. இன்னைக்கும் எங்க ஏரியாவுல குதிரைன்னு சொன்னா என்னையத்தான் பாப்பாய்ங்க."

"எங்க வீட்ல விழாவெல்லாம் வைக்கலை. மறுநாள் எனக்குப் பரீட்சை," என்றார் தலைமையாசிரியை.

அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பருவத் தணிப்பி என்று பெயர். ஊரில் வில்லை. பன்னிரண்டு வயது முடிந்ததும் தோலுக்கு அடியில் வைப்பார்கள். இருபத்தொன்றில் தானாகக் கரைந்துவிடும். அதுவரை உடம்பு அதன்போக்கில் வளரும், மீசை முளைக்கும், மாதவிலக்கு வரும். மனம் மட்டும் மூடிவைத்த தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கும். பிள்ளைகள் படிப்பார்கள், தேர்வு எழுதுவார்கள், ராத்திரி நன்றாகத் தூங்குவார்கள். இருபத்தொன்றுக்கு மேல் வருவது வரும், அளவோடு வரும். வீட்டில் பார்த்த ஆளைக் கட்டிக்கொண்டு சண்டையில்லாமல் வாழ்வார்கள். பெண்ணுக்குச் சடங்கு சுற்றுவது ஒழிந்து, பையன் பெண் பேதமில்லாமல் வில்லை விழா வந்துவிட்டது. தாய்மாமன் சீர் மட்டும் எங்கேயும் போகவில்லை.

இதைக் கெட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக அங்கயற்கண்ணியால் முடியாது. அவளுடைய சித்தி ஒருத்தி இருந்தாள். காலனிப் பையன் ஒருவனோடு பேசினாள் என்பதற்காகப் பத்தொன்பது வயதில் அவளைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். போட்டவர்கள் அன்னியர்கள் இல்லை. அங்கயற்கண்ணிக்கு வில்லை வைத்த நாளில் அவளுடைய அம்மா மண்டபத்தின் நடுவில் நின்று ஆடினாள். அவள் அப்படி ஆடி அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வில்லை வந்த பிறகு அந்த மாவட்டத்தில் அப்படி ஒரு பிணம் விழவில்லை. அது பொய்க்கணக்கும் இல்லை.

ஆனால் சிலருக்கு வில்லை ஒட்டாது. உடம்பு அதைப் புண்ணாக்கி வெளியே தள்ளிவிடும். எத்தனை தடவை வைத்தாலும் தள்ளும். அவர்களுக்கு ஒட்டாதவர்கள் என்று பெயர். பல ஆயிரம் பேரில் ஒருவர் இருந்தால் அதிகம். அங்கயற்கண்ணியின் மகள் காந்தள் அந்த ஒருத்தி.

பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில், அவள் பள்ளியில், அவள் தெருவில் அவளைப் போல இன்னொரு பிள்ளை கிடையாது. போன மாதம் தென்னவன் என்கிற வகுப்புத் தோழனிடம் போய், உன்னைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவன் நல்ல பையன். அக்கறையாக அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பள்ளி நர்ஸைக் கூட்டி வந்தான்.

"சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்லம்மா," என்றாள் காந்தள் அன்றைக்கு. "தண்ணி வேணுமான்னு கேக்கிறான். நெத்தியில கைய வெச்சுப் பாக்கிறான். அவன் கை பட்டதும் எனக்கு இன்னும் மோசமாயிருச்சு. நான் லூசாம்மா?"

"இல்லடி."

"அப்ப எனக்கு என்னன்னு சொல்லு."

அங்கயற்கண்ணிக்குச் சொல்லத் தெரியவில்லை. மறைக்கவில்லை, தெரியவில்லை. அவள் கையிலும் அந்த வெள்ளைக் கோடு இருந்தது. கணவன் கதிரேசன், கொஞ்ச நாளில் சரியாகிவிடும், அதுவரை தூக்க மாத்திரை கொடு என்றான். காந்தள் மாத்திரையை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, சாப்பாட்டையும் குறைத்துவிட்டு, குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தை ஏதோ கோளாறு தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் 'இரண்டாவது பெல்' என்கிற இந்தப் படம் மன்றத்துக்கு வந்தது. நடத்துநர் முன்கூட்டியே தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. பழைய காலத்துப் பள்ளிக்கூடக் கதை. ஜெனிட்டா என்று ஒரு பெண், முகிலரசு என்று ஒரு பையன். எடுத்தவள் இருபத்தைந்து வயதுப் பெண், ஒட்டாதவள். நடித்த இரண்டு பிள்ளைகளும் அப்படியே. படத்தில் கால்மணி நேரம் போனதும் அங்கயற்கண்ணி நிறுத்திவிட்டு எழுந்து நடந்தாள். அந்த ஜெனிட்டா கண்ணாடியில் முகம் பார்க்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். தன்னுடைய பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டு, அவன் போகிற பஸ்ஸில் ஏறி, எங்கேயோ போய் இறங்கி, திரும்ப நடந்து வருகிறாள். காந்தள் தினமும் வீட்டுக்கு ஏன் நேரம் கழித்து வருகிறாள் என்பது அப்போதுதான் அங்கயற்கண்ணிக்கு விளங்கியது.

காரணம் விளங்கியது. உணர்ச்சி விளங்கவில்லை. பரவாயில்லை. படம் தியேட்டருக்கு வந்தால் மகளைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, பார், உன்னைப்போல ஒருத்தி, இதற்கு ஊரே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது, இது கோளாறு இல்லை என்று சொல்லலாம். அங்கயற்கண்ணிக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அதற்கு இந்த நால்வருக்கும் படம் பிடிக்கக் கூடாது.

அமர்வின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தப் படத்தில் வருகிறது உங்களுக்கும் வாய்த்திருக்க வேண்டும் என்று தோன்றியதா? தோன்றியது என்று ஒருவர் சொன்னாலும் படம் 'தூண்டல்' வகையில் சேரும், பூட்டறைக்குப் போகும். நான்கு பேரும் இல்லை என்றால் 'பழங்கதை' என்று முத்திரை குத்தி வெளியே விடுவார்கள். பார்க்க வருபவர்களுக்கு இது தெரியாது, சொல்லவும் கூடாது, சொன்னால் நடத்துநரின் வேலை போகும், அமர்வும் செல்லாது. விவரம் தெரிந்த இயக்குநர்கள் தப்பிப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். படத்தில் மனசு இளகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேவலமான பாட்டை வைத்துவிடுவார்கள், இளகியது கலைந்துவிடும். இந்தப் பெண் அப்படி ஒரு பாட்டும் வைக்கவில்லை. அந்தத் திமிரை நினைத்தால் அங்கயற்கண்ணிக்கு எரிச்சலாக வந்தது.

விளக்கை அணைத்தாள். படம் ஓடியது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. நான்கு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஹ்மத்துல்லா பாதிப் படத்துக்குள் சுண்டலை முடித்துவிட்டார். தலைமையாசிரியை ஒரே ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினார். கடைசிக்கு முன்னால், பையன் தண்டவாளத்தை ஒட்டித் தனியாக வீட்டுக்கு நடக்கிற இடத்தில், பூமிநாதன் கையால் கண்ணைத் துடைத்தான். துடைத்துவிட்டு, துடைத்த கையைப் பார்த்தான். அங்கயற்கண்ணி அவனைக் குறித்துவைத்துக்கொண்டாள். ஜெபராணி படம் முழுக்க ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் பிள்ளைகளின் கையில் வில்லை வைக்கிறவள். இவள் பக்கம் கவலையில்லை என்று அங்கயற்கண்ணி அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

விளக்கு வந்தது.

"சொல்லுங்க. மனசுல பட்டத அப்படியே சொல்லலாம். சரி தப்புன்னு ஒண்ணும் கிடையாது."

"ஒரு சந்தேகம் மேடம்," என்றார் ரஹ்மத்துல்லா. "இதுல வில்லன் யாரு?"

"நீங்க யாருன்னு நினைக்கிறீங்க?"

"கண்டக்டர்தான். முதல்லருந்தே அந்தாளு பார்வை சரியில்ல. கடைசியில ஏதோ பண்ணப்போறான்னு பாத்தேன். ஒண்ணும் பண்ணாம சில்லறை குடுத்துட்டுப் போயிட்டான். ஏமாத்திட்டாய்ங்க."

"கண்டக்டர் பாவம்ங்க, அவர் வேலையப் பாக்கிறாரு," என்றான் பூமிநாதன்.

"அப்ப எதுக்கு மூணு தடவை அவன் மூஞ்சியக் காட்டணும்? சரி, அத விடு. மழையில அந்தப் பய நிக்கிறான்ல, கையில குடை இருக்கு. விரிக்காமயே நனையறான். குடை ரிப்பேரா?"

"எனக்கும் அது புரியலை," என்றார் சிவகாமசுந்தரி. "அந்தப் பொண்ணு குடையில்லாம நிக்கிறா. நியாயமாப் பாத்தா குடையை அவகிட்ட நீட்டியிருக்கணும். இல்லைன்னா தானாவது பிடிச்சிருக்கணும். ரெண்டு பேரும் நனைஞ்சு, குடை மட்டும் காஞ்சு இருக்கு. இதுல யாருக்கு என்ன லாபம்?"

"டீச்சர், நீங்க ஒரு எடத்துல அழுதீங்களே," என்றாள் அங்கயற்கண்ணி ஜாக்கிரதையாக.

"ஆமா. கெமிஸ்ட்ரியில தொண்ணூத்திநாலு எடுத்தவ எண்பத்தொண்ணுக்கு வந்துட்டாளே. அந்தப் பேப்பரைக் கையில வாங்கிட்டு அவ சிரிச்சுக்கிட்டே போறா பாருங்க, என்னால தாங்க முடியலை. யாராவது அவளைக் கூப்பிட்டு விசாரிக்கணும்ல? அந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியார்னு ஒருத்தரும் இல்லையா?"

அங்கயற்கண்ணி தலையசைத்தாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் கரையேறியாயிற்று.

"படம் ரொம்ப இழுவை," என்றார் ரஹ்மத்துல்லா. "உன்னைய எனக்குப் புடிச்சிருக்கு. இது எத்தனை வார்த்தை? இதச் சொல்றதுக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ல ஏறுறாய்ங்க, பஸ்ல இறங்குறாய்ங்க. கடைசி வரைக்கும் சொல்லவும் இல்ல. எனக்கு நிக்காஹ் பேச வந்தப்ப அஞ்சு நிமிஷம். புடிச்சிருக்கான்னு கேட்டாங்க, சரின்னேன். பதினாலு வருஷம் ஆச்சு. ஒரு குறையும் இல்ல."

"சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டது ஜெபராணி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை.

"அதான் சொன்னனே சிஸ்டர், குறையில்லன்னு."

"ம்," என்றாள் அவள்.

அங்கயற்கண்ணி அதைக் கவனித்திருக்க வேண்டும். அவள் கண் பூமிநாதன் மேல் இருந்தது. அவன் வாய் திறக்காமல் நாற்காலியின் பிடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். இப்படிச் சுரண்டுகிறவர்கள்தான் கடைசியில் போட்டு உடைப்பார்கள். அவனை நேராகக் கேட்டால் உளறிவிடுவான். கேட்பதற்கு முன்னால் அவன் மனசில் ஒன்றை ஊன்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"அந்தப் பையன் சரியாச் சாப்பிடல, தூங்கல. அதப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"தைராய்டு," என்றார் ரஹ்மத்துல்லா உடனே. "எங்க மச்சினிக்கு இதே மாதிரிதான். கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். மாத்திரை எடுத்தா, இப்ப கல்லு மாதிரி இருக்கா."

"எனக்கும் உடம்பு சம்பந்தப்பட்டதாத்தான் தோணுச்சு," என்றார் தலைமையாசிரியை.

இதுதான் சமயம். மருத்துவமனைக்காரி வாயால் நோய் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் பூமிநாதன் தனக்கு வந்த கண்ணீரையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்வான். நோய் வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"சிஸ்டர், நீங்க அனுபவப்பட்டவங்க," என்றாள் அங்கயற்கண்ணி. "நீங்களே சொல்லுங்க. அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது ஒரு நோய்தானே?"

கேட்டது ஜெபராணியின் தொழிலைப் பற்றி. அவள் அதைத் தொழில்காரியாகவே எடுத்துக்கொண்டாள். மடியில் இருந்த கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்து, மனசுக்குள் ஒவ்வொரு அறிகுறியாக ஒத்துப்பார்ப்பது தெரிந்தது.

"இல்ல," என்றாள்.

"இல்லைன்னா..."

"நோய் இல்ல மேடம். நோயாளி எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். எப்படா விடியும்னு இருப்பான். இதுல அந்தப் பொண்ணும் எப்படா விடியும்னுதான் இருக்கா. ஆனா அவ இருக்கிறது வேற மாதிரி. அவளுக்கு விடிஞ்சா ஸ்கூல் இருக்கு. ஸ்கூல்ல அவன் இருக்கான். ஞாயித்துக்கிழமை வந்தா அவளுக்குப் புடிக்கல. நான் எத்தனையோ பிள்ளைங்களப் பாக்கிறேன். ஞாயித்துக்கிழமை புடிக்காத பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

"சிஸ்டர், இதயத் துடிப்பெல்லாம்..."

"துடிக்கத்தான் செய்யுது. துடிக்கட்டுமே." அவள் குரல் உயரவில்லை. "இருபது வருஷமா வெக்கிறேன் மேடம். பஞ்சு, ஊசி, வில்லை, பிளாஸ்திரி. பிள்ளை அழுதா சாக்லேட்டு. ஒரு நாளைக்கு முப்பது நாப்பது கை. ஒரு பிள்ளை ஒருநாள் கேட்டுச்சு, இது வெச்சா என்ன போயிரும் சிஸ்டர்னு. ஒண்ணும் போகாது தங்கம்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். என்ன போகுதுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

ரஹ்மத்துல்லா காலியான தட்டில் சுண்டலைத் தேடினார்.

பதிவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்க அங்கயற்கண்ணிக்கு அதிகாரம் இல்லை. அவளே கேட்டாள், அவளே வாங்கிக்கொண்டாள். கேட்காமல் விட்டிருந்தால் இந்தப் பெண் கடைசிவரை 'ம்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. கடைசிக் கேள்வியை வேகமாக ஓட்டிவிட வேண்டும். வேகத்தில் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"சரி, முடிச்சிரலாம். நேரமாச்சு, ஒவ்வொருத்தராச் சொல்லிருங்க. இந்தப் படத்துல வர்றது உங்களுக்கும் வாய்ச்சிருக்கணும்னு தோணுச்சா? டீச்சர்?"

"இல்லை."

"ரஹ்மத்துல்லா சார்?"

"அட, ஆள விடுங்க மேடம். எனக்குக் கடையத் திறக்கணும்."

"இல்லன்னு சொல்லணும்."

"இல்ல."

"பூமிநாதன்?"

அவன் சுரண்டுவதை நிறுத்தினான்.

"இல்லக்கா," என்றான். பிறகு, ஏதோ விளக்கம் சொல்லவேண்டும் என்று பட்டதுபோல, "நான் கண்ணத் துடைச்சத நீங்க பாத்தீங்க, எனக்குத் தெரியும். அந்தப் பய போட்டிருந்த நீலச் சட்டை மாதிரி எங்கண்ணனுக்கு ஒண்ணு இருந்துச்சு. அவன் போய் ஒரு வருஷம் ஆகுது. படத்துக்காக இல்ல. படம் எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"சிஸ்டர்?"

"தோணுச்சு," என்றாள் ஜெபராணி. "எனக்கு வேணும்."

நாற்பத்துநான்கு வயதில், சீருடையில், முழங்கால் வலிக்கென்று வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் அதைச் சொன்னாள். வெட்கப்படவில்லை. மருந்துக் கடையில் ஒரு மருந்தைக் கேட்பதுபோலச் சொன்னாள். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு வந்தது.

மற்ற மூவரும் வண்டிச்செலவை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். படிக்கட்டில் ரஹ்மத்துல்லா கண்டக்டரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஜெபராணி மட்டும் நடைகூடத்தில் நின்றாள்.

"மேடம், இது எப்ப தியேட்டருக்கு வரும்? எங்க ஆஸ்பத்திரிப் பிள்ளைங்க நாலஞ்சு பேரக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

அங்கயற்கண்ணி சுற்றிலும் பார்த்தாள். இங்கே பதிவி இல்லை.

"வராது சிஸ்டர்."

"ஏன்?"

"நீங்க வேணும்னு சொல்லிட்டீங்க. ஒருத்தர் சொன்னாலும் பூட்டிருவாங்க."

ஜெபராணி படம் ஓடிய அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"புடிக்கலன்னு சொல்லியிருந்தா?"

"வந்திருக்கும்."

"மூணு பேரு நல்லால்லன்னு சொன்னாங்களே. அவங்க படத்தக் காப்பாத்தப் பாத்தாங்க, நான் கொன்னுட்டேன். அப்படியா?"

"அப்படித்தான்."

"இத முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் பொய் சொல்லியிருப்பேன்ல? எனக்கென்ன பொய் சொல்லத் தெரியாதா? தினமும் நாப்பது பிள்ளைங்ககிட்டச் சொல்றேன்."

"சொன்னா அமர்வு செல்லாது. உங்க மேல தப்பில்ல சிஸ்டர். நான் உங்களக் கேட்டிருக்கக் கூடாது." இன்னொன்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது. "உங்களுக்கு மறுவில்லை வெப்பாங்க. ரெண்டு வருஷத்துக்கு. உங்க ஆஸ்பத்திரியிலயே."

ஜெபராணி தன் இடது கையைத் தடவிக்கொண்டாள். "எங்க புது நர்ஸ் மேரிதான் வெப்பா. அவளுக்கு இன்னும் கை பழகல. ரத்தம் கட்டும்," என்றாள். ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "உங்களுக்கு இந்தப் படம் வெளிய வரணும்னு இருந்துச்சு. ஏன் மேடம்?"

அங்கயற்கண்ணி மகளைப் பற்றிச் சொன்னாள். தென்னவன், பள்ளி நர்ஸ், நெற்றியில் வைத்த கை, எல்லாவற்றையும். வேறு யாரிடமும் அவள் அவ்வளவு பேசியதில்லை. கேட்டு முடித்த ஜெபராணி இறங்கிய படியை மறுபடி ஏறி வந்தாள்.

"அவளுக்கு ஒட்டலன்னு மறுபடி மறுபடி வெச்சது யாரு?"

"உங்க ஆஸ்பத்திரிதான். நீங்களான்னு தெரியல. நாலு தடவை."

"நானாத்தான் இருப்பேன்," என்றாள் ஜெபராணி. "நல்ல பிள்ளை. நாலு தடவையும் வெளிய தள்ளிருச்சு."

அவள் போன பிறகு அங்கயற்கண்ணி அறிக்கையை எழுதினாள். வகை: தூண்டல். பூட்டறைக்கு அனுப்ப ஞாயிற்றுக்கிழமைவரை அவகாசம். அதற்குள் நடத்துநர் விரும்பினால் ஒருமுறை மறுபார்வை பார்க்கலாம், தனியாக. முடிவில் மாற்றமிருந்தால் எழுதலாம். யாரும் எழுதியதில்லை. இவள் இதுவரை மறுபார்வை கேட்டதும் இல்லை. இந்தமுறை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காந்தளையும் கூட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். வாசலில் காவலர் சந்தியாகு டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன மேடம், லீவு நாள்ல? பாப்பாவா இது? வளர்ந்துருச்சே."

"மறுபார்வை இருக்குண்ணே. இவ வீட்ல தனியா இருப்பா, அதான்."

"பாப்பா இங்க உட்காரட்டும், நான் பாத்துக்கிறேன்."

"இல்லண்ணே, மேல என் ரூம்ல உட்கார்ந்து படிப்பா."

சந்தியாகு அவளை ஒருமுறை பார்த்தார். மகளின் கையில் புத்தகம் எதுவும் இல்லை என்பதையும் பார்த்தார். பிறகு கேரியரின் அடித்தட்டில் மீன்குழம்பு இருக்கிறதா என்று ஆராய்வதில் மும்முரமானார். "நான் சாப்பிட உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன் மேடம். யாராவது மேலதிகாரி வந்தா பெல் அடிக்கிறேன்," என்றார் கேரியரிடம்.

மறுபார்வை அறை மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு திரை. ஜன்னல் கிடையாது. அங்கயற்கண்ணி வாசலிலிருந்த ஸ்கேனரில் தன் விரலை வைத்தாள். நடத்துநர் உள்ளே, படம் ஓடலாம் என்று அது காட்டியது. மகளைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"இங்க எதுக்கும்மா?"

"ஒரு படம். பாரு."

"நீ?"

"நான் வெளிய இருக்கேன். ரெண்டு பேர் உள்ள இருந்தா ரூமே காட்டிக்குடுத்துரும், படம் நின்னுரும்."

"மாட்டினா உன் வேலை போயிருமா?"

"போகும்."

காந்தள் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "என்ன படம்?"

"உன்னைய மாதிரி ஒருத்தி வர்றா."

"கடைசியில செத்துப்போயிருவாளா?"

"இல்ல."

"குணமாயிருவாளா?"

"குணமாகுறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஒரு நர்ஸம்மா சொன்னாங்க. அவங்களுக்குத் தெரியும்."

காந்தள் அம்மாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நீ பாத்துட்டியா? உனக்கு எப்படி இருந்துச்சு?"

பல வருடங்களாக மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி. அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நல்ல படம் என்று சொல்ல வாய் வந்தது. அது பொய்யாக இருக்கும். மகளிடம் அந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது.

"எனக்குப் புரியலடி."

"புரியாம எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

"புரிஞ்சிருந்தா வீட்லயே நான் சொல்லியிருப்பேனே."

காந்தள் மெதுவாக நாற்காலியைச் சுற்றி வந்து உட்கார்ந்தாள். நாற்காலி ஓர் ஆளின் எடையை ஏற்றுக்கொண்டது. விளக்கு தானாக மங்கியது. திரையில் வெளிச்சம் வந்து அவள் முழங்காலில் விழுந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் காலை, பிள்ளைகளின் இரைச்சல், எங்கிருந்தோ ஓடிவருகிற செருப்புச் சத்தம். காந்தள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். அம்மா இன்னும் வாசலில் நிற்பதை மறந்துவிட்டாள்.

அங்கயற்கண்ணி பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, யாரும் திறந்துவிடாதபடி மகளை உள்ளே வைத்துப் பூட்டினாள்.